இழுப்பதெல்லாம் சரி, நிற்குமா?

கரும்பு டிரெய்லருக்காக டிராக்டர் வாங்கும் விவசாயி ஹெச்.பி.யைத்தான் முதலில் கேட்கிறார். எடையையும் பிரேக்கையும் விசாரிப்பவர்கள் குறைவு.

முன் சக்கரங்கள் இரண்டும் தரையில் இல்லை. ஒரு முழ உயரத்தில் அந்தரத்தில் தொங்குகின்றன. பின்னால் இரண்டு டிரெய்லர்கள். இரண்டிலும் பக்கப் பலகைகளுக்கு மேல் இன்னும் ஓர் ஆள் உயரத்துக்குக் கரும்பு. ஸ்டியரிங்கைத் திருப்பிப் பயனில்லை. இடது பிரேக், வலது பிரேக் என்று மாற்றி மாற்றி மிதித்தே டிரைவர் அந்த ரயிலை வயல் வரப்பிலிருந்து தார்ச் சாலைக்கு ஏற்றுகிறார். சுற்றி நிற்பவர்கள் விசிலடிக்கிறார்கள். கோலாப்பூர், சாங்லி, சோலாப்பூர் மாவட்டங்களில் அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் தினமும் காணக்கிடைக்கும் காட்சி இது. மேற்கு உத்தரப்பிரதேசத்திலும் இதேதான். அங்கே டிரெய்லருக்கு 'டிராலி' என்று பெயர், கூடவே ஜனவரி மூடுபனி.

இந்த டிராக்டர் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது? ஷோரூமுக்குள் நுழையும் விவசாயி கேட்கும் முதல் கேள்வி 'எத்தனை ஹெச்.பி.?' இரண்டாவது கேள்வி 'எத்தனை டன் இழுக்கும்?' முதல் கேள்விக்குப் பதில் விளம்பரத் தாளிலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது. இரண்டாவதற்கு டீலர் புன்னகையோடு கையை விரித்துக் காட்டுவார்: நீங்கள் எவ்வளவு ஏற்றினாலும் இழுக்கும். சிக்கல் என்னவென்றால், அவர் சொல்வது ஏறக்குறைய உண்மை.

டிராக்டர் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு 'இழு' என்று பொருள். தமிழாக்கியவர்கள் 'உழவு இயந்திரம்' என்று பெயர் வைத்தார்கள். இலங்கைத் தமிழர்கள் இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. உழுவது அந்த இயந்திரத்தின் வேலைகளில் ஒன்று மட்டுமே. இந்தியாவில் அது செங்கல் சுமக்கிறது, மணல் சுமக்கிறது, கல்யாணக் கூட்டத்தைச் சுமக்கிறது. 2020-21ல் தில்லி எல்லையில் சிங்கு, டிக்ரியில் ஓராண்டுக்கு மேல் முகாமிட்ட விவசாயிகளுக்கு டிராலிதான் வீடு. அவர்கள் நடத்திய பத்திரிகைக்கே 'டிராலி டைம்ஸ்' என்று பெயர். 2022-23ல் இந்தியாவில் விற்ற டிராக்டர்கள் 9 லட்சத்துக்கும் மேல். வாங்கியவர்களில் கணிசமானவர்களின் மனத்தில் கலப்பைக்குச் சமமாக டிரெய்லரும் இருந்திருக்கும்.

சந்தையில் கோலோச்சுவது 41 முதல் 50 ஹெச்.பி. வரையிலான ரகம். இதில் ஒரு வேடிக்கை. 2023 ஜனவரி 1 முதல் 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குக் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்தது. அந்த எல்லையைத் தாண்டினால் எஞ்சினில் மின்னணுக் கட்டுப்பாடு வேண்டும், விலையும் ஏறும். ஆகவே 50ஐத் தொடாமல், 49 சொச்சம் ஹெச்.பி.யில் மூச்சைப் பிடித்து நிற்கும் மாடல்கள் பெருகிவிட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வாங்குகிறவரின் கவனம் முழுக்க இந்த எண்களில்தான். விலை, வரி, ஹெச்.பி.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சமதளமான தார்ச் சாலையில், டயரில் காற்று சரியாக இருந்தால், ஒரு டன் பாரத்தை உருட்டிச் செல்ல 20 முதல் 30 கிலோ இழுவை போதும். 20 டன் என்றாலும் 600 கிலோதான். தாழ்ந்த கியரில் 45 ஹெச்.பி. டிராக்டர் இதைச் சிரமமில்லாமல் தந்துவிடும். டீலரின் புன்னகைக்கு இதுதான் ஆதாரம். சமதளத்தில் எல்லா டிராக்டரும் பீமன்.

மேடு வரட்டும். பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும் மேடு. கால்வாய்க் கரை, பாலத்தின் ஏற்றம், வயலிலிருந்து சாலைக்கு ஏறும் இடம் எல்லாம் இந்த ரகம்தான். இங்கே ஒவ்வொரு டன்னும் கூடுதலாக 100 கிலோ பலத்தோடு பின்னுக்கு இழுக்கும். டிரெய்லரும் சரக்குமாக 10 டன், டிராக்டர் 2 டன் என்று வைத்துக்கொண்டால் 1,200 கிலோ. உருள்வதற்கான 300 கிலோவையும் சேர்த்தால் 1,500. எஞ்சினுக்கு அந்தச் சக்தி இருக்கிறது. பின் சக்கரங்களுக்குப் பிடிப்பு இருக்கிறதா? 2 டன் டிராக்டரின் பின் சக்கரங்களில் நிற்கும் எடை சுமார் 1,300 கிலோ. காய்ந்த சாலையில் அதில் பத்தில் ஏழு பங்குதான் இழுவையாக மாறும், 900 கிலோ. முன் சக்கரங்கள் தூக்கிக்கொண்டால் முழு இரண்டு டன்னும் பின்னால் விழுந்து பிடிப்பு கூடுகிறது. அப்போதும் 1,400ஐத் தாண்டாது. அந்தரத்தில் தொங்கும் முன் சக்கரங்களின் ரகசியம் இதுதான். டிராக்டர் வித்தை காட்டவில்லை. தன் எடையில் கடைசிக் கிலோ வரை செலவழித்துக்கொண்டிருக்கிறது.

ஆக, இழுவைக்கு வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் எண் டிராக்டரின் எடை. ஒரே ஹெச்.பி.யில் இரண்டு கம்பெனி மாடல்களுக்கு இடையே இருநூறு, முந்நூறு கிலோ வித்தியாசம் சாதாரணம். முன்னும் பின்னும் உள்ள சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளமும் அதிகமாக இருந்தால் நல்லது, தூக்குவது குறையும். எடை போதாவிட்டால் கூட்டிக்கொள்ள வழியிருக்கிறது. முன்னால் மாட்டும் வார்ப்பிரும்பு எடைகள் கம்பெனியிலேயே கிடைக்கும். பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவது பழைய, நல்ல உத்தி. பானெட்டில் இரண்டு பேரை உட்காரவைப்பது உத்தியில் சேராது, அதுவும் நடக்கிறது.

பின் டயரின் அளவு இன்னொரு விஷயம். வேகம் கூடும் என்று பெரிய டயர் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. சக்கரம் பெரிதானால் அதே எஞ்சினின் இழுவை அந்த அளவுக்குக் குறையும். எஞ்சினைப் பொறுத்தவரை, உச்சச் சக்தியைக் காட்டிலும் மேட்டில் சுற்று வேகம் குறையக் குறைய அது திணறாமல் பிடித்துக்கொள்கிறதா என்பதே முக்கியம். விளம்பரத் தாளில் 'தூக்கும் திறன் 1,800 கிலோ' என்று ஒரு வரி இருக்கும். அது பின்னால் மாட்டும் கலப்பையை ஹைட்ராலிக் கைகள் தூக்கும் அளவு. டிரெய்லருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைப் பார்த்து டிராக்டர் வாங்கியவர்கள் நிறையப் பேர்.

இழுப்பது பாதிக் கதை. மீதியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

டிராக்டருக்குப் பிரேக் பொதுவாகப் பின் சக்கரங்களில் மட்டும்தான். நம் ஊர்ப் பட்டறைகளில் தயாராகும் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. ஆக, 12 டன்னை நிறுத்த வேண்டிய பொறுப்பு 1,300 கிலோ எடை தாங்கும் இரண்டு சக்கரங்களின் தலையில். மறுபடி அதே கணக்கு. வெறும் டிராக்டர் 25 கி.மீ. வேகத்தில் போகும்போது பிரேக்கை அழுத்தினால் ஐந்தாறு மீட்டரில் நின்றுவிடும். பத்து டன் பின்னால் தள்ளினால் 30 மீட்டர் ஆகும். இரண்டு டிரெய்லர்களில் 20 டன் என்றால் 60 மீட்டர். இது சமதளத்தில், காய்ந்த சாலையில், டிரைவர் தூங்கிவழியாமல் இருந்தால். மிதிக்கும் நொடியில் எடை முன்னுக்குச் சாய்ந்து பின் சக்கரத்தின் பிடிப்பு இன்னும் குறைவதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இறக்கத்தில் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஊகிக்க முடியாத ஒன்றும் உண்டு. உழும்போது மூலையில் சட்டென்று திரும்புவதற்காக டிராக்டரில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி பிரேக் பெடல்கள். சாலைக்கு வந்ததும் இரண்டையும் ஒரு கொக்கியால் இணைத்துவிட வேண்டும். கரும்பு டிரைவர் இணைப்பதில்லை. மேட்டில் முன் சக்கரம் தூக்கினால் அவருக்கு அந்தத் தனிப் பெடல்கள்தான் ஸ்டியரிங். பிறகு சாலையில், அவசரத்தில், கால் ஒரு பெடலில் மட்டும் விழுகிறது. டிராக்டர் அந்தப் பக்கம் திரும்புகிறது. பின்னால் வரும் பத்து டன் திரும்புவதில்லை. பேனாக் கத்தி மடங்குவது போல மடங்கி, டிரெய்லர் டிராக்டரைப் பள்ளத்துக்குள் தள்ளிவிடுகிறது. இதோடு டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த கியரில் மேடேறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பது மலைப்பாதை லாரி டிரைவர்களுக்குப் பால பாடம். டிராக்டர் டிரைவர்களில் பலருக்கு அதைச் சொல்லித்தர ஆள் இல்லை.

அமெரிக்காவில் இதே வேலைக்கு ஃபோர்டு, ராம், ஷெவர்லே கம்பெனிகளின் கனரகப் பிக்அப் வண்டிகள் இருக்கின்றன. குதிரை டிரெய்லர், வைக்கோல் டிரெய்லர், சக்கரம் வைத்த வீடு எல்லாவற்றையும் அவை இழுக்கின்றன. அங்கும் 'என் வண்டிதான் அதிகம் இழுக்கும்' என்று கம்பெனிகள் இஷ்டத்துக்கு எண்களை அள்ளிவிட்ட காலம் உண்டு. பிறகு வாகனப் பொறியாளர்கள் சங்கம் பொதுவான சோதனை முறை ஒன்றை வகுத்தது. அரிசோனா மாநிலத்தின் டேவிஸ் அணை மேட்டில் முழுப் பாரத்தோடு குறைந்தபட்ச வேகம் குறையாமல் ஏற வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. நிற்கும் சோதனையும் உண்டு. 2011ல் டொயோட்டா முதலில் ஒப்புக்கொண்டது. மற்றவர்கள் மெதுவாக வழிக்கு வந்தார்கள். சுமார் 1,360 கிலோவுக்கு மேல் டிரெய்லருக்குத் தனியாகப் பிரேக் இருக்க வேண்டும் என்பது அங்கே பல மாநிலங்களில் சட்டம். நம் டிராக்டர் விளம்பரத்தில் எத்தனை டன் டிரெய்லர் பாதுகாப்பானது என்ற வரியைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பஞ்சாபில் இழுவை என்பது வேலை மட்டுமல்ல, கௌரவப் பிரச்னை. இரண்டு டிராக்டர்களைப் பின்பக்கமாகக் கட்டி, யார் யாரை இழுப்பது என்று பார்க்கும் போட்டிக்கு 'டோச்சன்' என்று பெயர். இதில் தனி மவுசு ஹெச்.எம்.டி. 5911க்கு. ஹரியானாவின் பிஞ்சோரில், செக்கோஸ்லோவாக்கியாவின் ஜெட்டர் தொழில்நுட்பத்தோடு 1971ல் டிராக்டர் தயாரிக்கத் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம் ஹெச்.எம்.டி. நஷ்டத்தில் மூழ்கிய அந்த ஆலையை மூட 2016ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்துவிட்டது. ஆனாலும் பழைய 5911ஐத் தேடிப் பிடித்து, பிரித்து மேய்ந்து, புதுப் பெயிண்ட் அடித்து ஓட்டுகிறார்கள். கனமான இரும்பு, பெரிய எஞ்சின். பிடிப்புக்குக் காரணம் ஹெச்.பி. மட்டுமல்ல என்பதை இளைஞர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். விளையாட்டு விபரீதமாவதும் உண்டு. 2023 அக்டோபரில் குர்தாஸ்பூர் மாவட்டத்தில் ஒரு கிராம விளையாட்டு விழாவில், சாகசம் காட்டிய இளைஞர் தன் டிராக்டரின் அடியிலேயே சிக்கி இறந்தார். டிராக்டர் சாகசங்களுக்கு மாநில அரசு தடை விதித்தது.

கரும்பு விவசாயியின் சாகசத்துக்குத் தடை இல்லாமல் இல்லை. 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் ரூ. 20,000, மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ. 2,000. அப்படியும் ஏன் ஏற்றுகிறார்கள்? பேராசை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கணக்கு வேறு மாதிரி. ஆலை தரும் வண்டி வாடகை டன் கணக்கில். ஆலை வாசலில் வரிசை நீண்டுவிட்டால் ஒரு நடைக்கு ஒரு நாள் போய்விடும். நடைகளைக் கூட்ட முடியாது. நடைக்கான டன்னைத்தான் கூட்ட முடியும். வெட்டிய கரும்பு காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். மகாராஷ்டிரத்தில் டிராக்டர் சொந்தக்காரருக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. பீட் போன்ற வறண்ட மாவட்டங்களிலிருந்து வெட்டுக்கூலிகளைத் திரட்டி வரும் 'முகாதம்' என்ற மேஸ்திரிக்கு, பருவம் தொடங்குவதற்கு முன்பே லட்சக்கணக்கில் முன்பணம் தர வேண்டும். ஆலையிடம் வாங்கிக் கொடுக்கும் பணம் அது. கடன் இவர் பெயரில். ஆட்கள் வராமல் போனாலோ பாதியில் ஓடிவிட்டாலோ கடன் மட்டும் நிற்கும். ஏழெட்டு லட்ச ரூபாய் டிராக்டருக்கான வங்கித் தவணை தனி. இத்தனையையும் நாலைந்து மாதத்தில் அந்த இரண்டு டிரெய்லர்கள் சம்பாதித்துத் தர வேண்டும். இவரிடம் போய் எட்டு டன்னுக்கு மேல் ஏற்றாதீர்கள் என்றால் சிரிக்கத்தான் செய்வார்.

இன்னொரு சரக்கும் ஏறுகிறது. மனிதர்கள். 2022 அக்டோபர் 1 இரவு கான்பூர் மாவட்டம் கட்டம்பூர் பகுதியில், கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்களின் டிராலி குளத்தில் கவிழ்ந்து 25க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பயணத்துக்கு டிராலியைப் பயன்படுத்த வேண்டாம் என்று முதல்வர் யோகி ஆதித்யநாத் வேண்டுகோள் விடுத்தார். 2024 பிப்ரவரி 24 அன்று காஸ்கஞ்ச் மாவட்டத்தில், கங்கையில் நீராடப் புறப்பட்ட டிராலி இன்னொரு குளத்தில் விழுந்தது. 20க்கும் மேற்பட்டோர் சாவு. பேருந்து எட்டிப் பார்க்காத கிராமங்களில் வேண்டுகோள்கள் நீண்ட தூரம் போவதில்லை. டிராலியில் ஏறியவர்களுக்கு இன்சூரன்ஸ் கிடைப்பதும் சந்தேகமே. விவசாயப் பயன்பாடு என்று பதிவு செய்த டிராக்டரை வாடகைக்கு ஓட்டும்போது நடக்கும் விபத்திலும் கம்பெனிகள் கையை விரிக்கப் பார்க்கும். டிரெய்லருக்குத் தனிப் பதிவும் தனி இன்சூரன்ஸ் பிரீமியமும் தேவை என்பது பலருக்குத் தெரியவருவதே விபத்துக்குப் பிறகு நடக்கும் விசாரணையில்தான்.

இவ்வளவுக்கும் நடுவில், நம்பத்தகுந்த எண்கள் அரசாங்கத்திடமே இருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையில் உள்ள புத்னியில் மத்திய வேளாண் இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இயங்குகிறது. சந்தைக்கு வரும் டிராக்டர்களை அங்கே பிழிந்து எடுக்கிறார்கள். எடை எவ்வளவு, அது முன்னும் பின்னும் எப்படிப் பிரிகிறது, கூடுதல் எடை கட்டியும் கட்டாமலும் கொக்கியில் எத்தனை இழுவை, சக்கரம் எவ்வளவு வழுக்குகிறது, எத்தனை பலத்தோடு மிதித்தால் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று எல்லாம் அறிக்கையில் இருக்கும். பக்கம் பக்கமாக, ஆங்கிலத்தில், அட்டவணைகளாக. விவசாயி படிக்கக்கூடிய மொழியில் இரண்டு பக்கச் சுருக்கம் போட எவ்வளவு செலவாகிவிடும் என்று தெரியவில்லை. வாங்கப் போகும் மாடலின் சோதனை அறிக்கையை டீலரிடம் கேட்டு வாங்கலாம். தர மறுத்தால் அதுவே ஒரு தகவல்.

இழுவைக்கு வாங்குபவர் ஷோரூமில் கேட்க வேண்டியவை அதிகமில்லை. பிரேக் எண்ணெயில் மூழ்கிய தட்டு ரகமா, உலர் ரகமா? எண்ணெய் ரகம் சேறு, தண்ணீரால் கெடுவதில்லை. நீண்ட இறக்கத்தில் சூடும் குறைவு. டிரெய்லரைப் பின் அச்சுக்குக் கீழே உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். அது உறுதியாக இருக்கிறதா? மேலே, கலப்பை மாட்டும் இணைப்பில் டிரெய்லரைக் கட்டினால் டிராக்டர் பின்பக்கமாகக் குப்புறக் கவிழும். சில நொடிகளில் முடிந்துவிடும், குதிக்க நேரம் இருக்காது. கொக்கியில் போடும் பின் கழன்றுவராமல் கிளிப் உண்டா? பட்டறைக்காரர் கையில் கிடைத்த போல்ட்டை மாட்டித் தருவார், வாங்காதீர்கள். இரண்டு சக்கர டிரெய்லரில் சரக்கின் ஒரு பங்கு கொக்கியின் மேல் அமர்ந்து பிடிப்பைக் கூட்டும், அதே அளவுக்கு முன்பக்கத்தைத் தூக்கவும் செய்யும். நான்கு சக்கர டிரெய்லரில் இரண்டும் இல்லை. உங்கள் வழியில் மேடு அதிகமா, சமதளமா என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டியது இது. பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டியிருக்கிறதா? அரவை தொடங்கும்போது பல ஆலைகளே ஒட்டிவிடுகின்றன. கரும்பு நுனி தொங்கி அதை மறைத்துவிடுகிறது. மூடுபனியில், விளக்கில்லாமல் ஓரமாக நிற்கும் டிராலியில் பைக்குகள் போய் மோதுவது மேற்கு உத்தரப்பிரதேசத்தில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வரும் செய்தி.

கடைசியாக ஒன்று. டிராக்டரின் பிரேக்கை மிதித்ததும் டிரெய்லரின் சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும்படி ஹைட்ராலிக் இணைப்பு தரும் வால்வு பல கம்பெனிகளிடம் இருக்கிறது. கூடுதல் பாகங்கள் பட்டியலில், மேற்கூரைக்கும் பம்பருக்கும் கீழே எங்கோ ஒரு வரியாக. கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். பட்டறையில் டிரெய்லர் செய்யச் சொல்லும்போதே அச்சில் பிரேக் டிரம்மும் வைக்கச் சொல்ல வேண்டும். பட்டறைக்காரர் எதற்கு என்று கேட்பார். பஞ்சாப் ஷோரூம்களில் புது டிராக்டருக்கு மியூசிக் சிஸ்டம் கேட்காத இளைஞர் அபூர்வம். அது கேட்ட அன்றே மாட்டப்படுகிறது.